மெழுகுத் தொட்டியா, கவரா, பிரஷ்ஷா?

மூட்டு இறுக்கத்துக்கும் வறண்ட தோலுக்கும் கை கால்களில் பாரஃபின் மெழுகு சிகிச்சை கொடுக்க மூன்று வழிகள் உண்டு. உருகிய மெழுகுத் தொட்டியில் முக்கி எடுப்பது, பிளாஸ்டிக் கவருக்குள் மெழுகை ஊற்றி அதில் கையை விடுவது, பிரஷ்ஷால் பூசுவது. மூன்றையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்களுக்கு வேண்டியது சூடா, சுத்தமா, வசதியா என்பதைப் பொறுத்தது.

முதலில் அந்தச் சூட்டைப் பற்றி. 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் கையை வைத்திருந்தால் சில நிமிடங்களில் தோல் வெந்துவிடும். அதே சூட்டில் இருக்கும் மெழுகு இதமாக இருக்கிறது. மெழுகு வெப்பத்தை மெதுவாகக் கடத்துகிறது. சம எடையில் தண்ணீரைவிட அது பிடித்து வைக்கும் வெப்பமும் குறைவு. தோலில் பட்டதும் ஒரு மெல்லிய படலம் இறுகி, அடுத்து வரும் சூட்டுக்கு நடுவில் திரை போல நிற்கிறது. திரவம் இறுகும்போது தன்னுள் இருந்த வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதனால்தான் வெந்நீர் ஒத்தடம் ஆறிப்போன பிறகும் மெழுகு உறை கதகதப்பாகவே இருக்கிறது.

சூட்டைக் கொடுப்பதில் தொட்டிதான் முதலிடம். ஆறு முதல் பத்து முறை வரை முக்கினால் தடிமனான கையுறை போல மெழுகு படியும். அதன்மேல் பிளாஸ்டிக் கவரும் துண்டும் சுற்றி 15 அல்லது 20 நிமிடம் விட வேண்டும். இதில் இரண்டு விஷயங்களைப் பலர் கவனிப்பதில்லை. முதல் முக்கில் மெழுகு எந்த இடம்வரை ஏறியதோ, அடுத்த முக்குகள் அதற்கு மேலே போகக் கூடாது. போனால் விளிம்பு வழியாகச் சூடான மெழுகு உள்ளே இறங்கிவிடும். விரல்களையும் அசைக்கக் கூடாது. படலத்தில் கீறல் விட்டால் அங்கேயும் அதே கதைதான். கை சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும், மோதிரம், வளையல் கழற்றியிருக்க வேண்டும், தொட்டியின் அடியையும் பக்கங்களையும் தொடக் கூடாது.

ஆனால் தொட்டிக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. ஒருவர் கையை முக்கி எடுத்த மெழுகில்தான் அடுத்தவரும் முக்குகிறார். சூடாக இருப்பதால் கிருமி செத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். 52 டிகிரி அதற்குப் போதாது. தோல் துணுக்கும் தூசியும் அடியில் தேங்கிக் கிடக்கும். வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் தொட்டி என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பலர் வந்து போகும் இடத்தில் பொதுத் தொட்டியை நான் ஏற்கவே மாட்டேன்.

அங்கேதான் கவர் முறை வருகிறது. சுத்தமான கரண்டியால் மெழுகை எடுத்துக் கவரில் ஊற்றி, கையையோ பாதத்தையோ உள்ளே விட்டு, வெளியிலிருந்து மெதுவாக அழுத்திப் பரப்ப வேண்டும். முடிந்ததும் மெழுகோடு கவரையும் போட்டுவிடலாம். ஒருவருடைய மெழுகு இன்னொருவரைத் தொடுவதே இல்லை. மெழுகு கூடுதலாகச் செலவாகும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: தொட்டியில் படலம் படலமாக ஏறும் சூடு இங்கே மொத்தமாக வந்து சேர்கிறது. அதனால் ஊற்றுவதற்கு முன் தெர்மாமீட்டரில் பார்த்து, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு துளி விட்டுச் சோதிக்க வேண்டும். பாதத்துக்கு இன்னும் கொஞ்சம் ஆறவிடுவது நல்லது.

பிரஷ் முறையில் ஒவ்வொரு பூச்சும் அடுத்ததைப் பூசுவதற்குள் ஆறிவிடுகிறது, சூடு குறைவாகத்தான் கிடைக்கும். விரல் நீட்ட முடியாதவர்கள், காலைத் தூக்கித் தொட்டிக்குள் வைக்கச் சிரமப்படும் வயதானவர்கள், இவர்களுக்கு மட்டும் இதை எடுப்பேன்.

சரி, வறண்ட தோலுக்காக மட்டும்தான் என்றால்? அப்போது மெழுகே தேவையில்லை என்பது என் கருத்து. மெழுகு தோலுக்குள் போய் ஈரம் தருவதில்லை. தோலில் இருக்கும் ஈரம் வெளியேறாமல் மூடி வைக்கிறது, அவ்வளவுதான். குளித்து முடித்த ஈரத்தோடு பெட்ரோலியம் ஜெல்லி தடவி, பருத்திக் கையுறையோ காலுறையோ போட்டு இரவு தூங்கினால் இதே வேலை நடக்கும். அதுவும் 20 நிமிடம் அல்ல, இரவு முழுக்க. இறுகிப்போன மூட்டுகளுக்குச் சூடு கொடுப்பதில்தான் மெழுகின் உண்மையான அருமை.

பித்தவெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிகிறதா? எந்த முறையும் வேண்டாம். ஆறாத புண், மரு, சேற்றுப்புண், புதிதாக வீங்கிச் சிவந்திருக்கும் மூட்டு, இவற்றுக்கும் அப்படித்தான். எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயப்படுவது மரத்துப்போன பாதங்களைப் பார்த்துத்தான். நீண்ட நாள் சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு தாங்காத அளவுக்கு ஏறினாலும் தெரியாது. தோல் வெந்த பிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார். அதனால் யார் வந்தாலும் முதலில் பஞ்சால் பாதத்தை வருடி, தெரிகிறதா என்று கேட்டுவிடுவேன். அவர் தயங்கினால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

மூட்டு வலிக்காரர்களுக்கு இன்னொன்று. மெழுகை உரித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். கை கதகதப்பாக இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் விரல்களை மெதுவாக மடக்கி நீட்டுங்கள், ஒவ்வொரு விரல் நுனியையும் கட்டைவிரலால் தொடுங்கள். உரித்தெடுத்த மெழுகு உருண்டையையே பிசைந்து பயிற்சி செய்யலாம். பிசைந்து முடித்ததைக் குப்பையில் போடுங்கள், சிங்க்கில் போட்டால் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும்.