டர்பன் கடைகளில் சிஆர்எம்: புது வசதிகளில் எது நிலைத்தது?

சிஆர்எம் என்றால் வாடிக்கையாளர் விவரம், ஆர்டர், பேச்சு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள். அதன் விளம்பரம் எதைப் பார்த்தாலும் முதல் வரியில் ஏஐ. தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கேட்டரிங், புடவை, பூஜைப் பொருள் வியாபாரத்தில் இதை வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால், அன்றாட வேலையைக் குறைப்பது வேறொன்று: டூப்ளிகேட், அதாவது ஒரே ஆளுக்கு இரண்டாக விழுந்த பதிவுகளைக் கண்டுபிடித்து மெர்ஜ் செய்யும் (ஒன்றாக்கும்) வசதி. அதை விளம்பரத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் ஆகிய டர்பன் பகுதிகளின் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால் பிள்ளை, நாயுடு, கோவெண்டர், மூட்லி என்று அதே குடும்பப் பெயர்கள்தான் வரிசையாக வரும். 'எஸ். பிள்ளை' என்ற பெயரில் ஐந்து பேர் இருந்தால் மென்பொருள் ஐவரையும் ஒருவராக்கப் பார்க்கும். ஆகவே செட்டிங்ஸில் பெயர்ப் பொருத்தத்தை அணைத்துவிட்டு, கைபேசி எண்ணை மட்டும் அடையாளமாக வையுங்கள். அதற்கும் முன்வேலை உண்டு. 082 என்று தொடங்கும் எண்ணும் +27 82 என்று தொடங்கும் எண்ணும் ஒன்றே. இடைவெளி விட்டு எழுதியிருந்தால் பல மென்பொருள்கள் அதை மூன்றாவது எண்ணாக எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் +27, பிறகு 9 இலக்கம் என்று ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே பட்டியலை மென்பொருளில் ஏற்ற (இம்போர்ட் செய்ய) வேண்டும்.

இங்கே எக்செல் காலை வாரும். பட்டியல் உள்ள சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறந்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் போய்விடும், பிளஸ் குறியும் போய்விடும். வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா மெனு வழியாகக் கோப்பை உள்ளே எடுத்து, எண் உள்ள பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிய பின் லோட் கொடுங்கள். முழுப் பட்டியலையும் ஏற்றும் முன் இருபது பேரை மட்டும் ஏற்றிப் பார்ப்பது நல்லது. பல மென்பொருள்களில் மெர்ஜ் செய்ததைத் திரும்பப் பிரிக்க வழியே கிடையாது.

மெர்ஜில் இன்னொரு கண்ணி இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. அதன் 69ஆம் பிரிவு மின்னஞ்சல், எஸ்எம்எஸ் விளம்பரத்துக்கு ஒப்புதல் கேட்கிறது. ஏற்கெனவே பொருள் வாங்கிய வாடிக்கையாளருக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. 'வேண்டாம்' என்று சொன்னவரின் பதிவும் பழைய 'சரி' பதிவும் சேரும்போது, கடைசியாக யாரோ திருத்தியது அந்த 'சரி' பதிவாக இருந்து, மென்பொருள் அதையே எடுத்துக்கொண்டால் மறுப்பு அழிந்துபோகும். புரட்டாசி, தீபாவளிச் செய்தி நேராக மறுத்தவருக்கே போய்ச் சேரும். ஒப்புதல், அதன் தேதி, எந்த வழியில் பெற்றது என்று மூன்று புலங்கள் போட்டுக்கொண்டு, மெர்ஜ் திரையில் எப்போதும் 'வேண்டாம்' பக்கத்தையே தேர்ந்தெடுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடல் வாடிக்கையாளர் பக்கத்திலேயே தெரிவது பெரிய நிம்மதி. வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் ஆகிவிட்டால், வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டி அனுமதி பெற்ற டெம்ப்ளேட் (ஆயத்தச் செய்தி) மட்டுமே போகும். 2025 ஜூலையிலிருந்து கட்டணம் செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கு. 'ஆர்டர் தயார்' போன்ற டெம்ப்ளேட்டை அந்த 24 மணிக்குள் அனுப்பினால் கட்டணமில்லை. விளம்பர டெம்ப்ளேட்டுக்கு அப்போதும் கட்டணம் உண்டு.

ஏஐ அழைப்புச் சுருக்கம் பாதி உதவி. யார், எதற்காகக் கூப்பிட்டார் என்பதைச் சரியாகவே சொல்கிறது. எண்களில் சறுக்கும்: ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டீன்' என்று சொன்ன பதினைந்து தட்டு, 'ஃபிஃப்டி' என்று ஐம்பதாகும். 'வாட் (மதிப்புக் கூட்டு வரி) தனி' என்று சொன்னது சுருக்கத்தில் விடுபட்டால், 1,000 ராண்ட் விலை வாடிக்கையாளரின் கணக்கில் 1,000 ஆகவே நிற்கும். பில்லில் 15% சேர்ந்து 1,150 வரும்போதுதான் வாக்குவாதம் தொடங்கும். எண்ணிக்கை, விலை, தேதி மூன்றையும் ஆள் தட்டச்சு செய்வதே சரி. பதிவு செய்கிறோம் என்று அழைப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

லீட் ஸ்கோரிங், அதாவது யார் வாங்கக்கூடும் என்று மென்பொருள் மதிப்பெண் போடுவது? சில நூறு வாடிக்கையாளர் உள்ள கடைக்கு அது வெறும் அலங்காரம். அது கற்றுக்கொள்ளப் போதுமான பழைய விற்பனை அங்கே இருக்காது. அணைத்துவிடலாம்.

மின்வெட்டு நேரத்துக்குக் கைபேசிச் செயலியின் ஆஃப்லைன் வசதி கைகொடுக்கும். ஒரே பதிவை இருவர் ஆஃப்லைனில் திருத்தினால், பெரும்பாலும் கடைசியாக ஒத்திசைந்தது முன்னதை அழித்துவிடும். குறிப்புகளைப் பழைய பெட்டியில் திருத்தாமல், ஒவ்வொரு முறையும் புதுக் குறிப்பாகச் சேர்த்தால் இரண்டும் தங்கும். நேர மண்டலத்தையும் பாருங்கள். அது ஜோகன்னஸ்பர்க் என்று இல்லாவிட்டால் ரிமைண்டர் தவறான நேரத்தில் அடிக்கும்.

கட்டணம் பல மென்பொருள்களில் ஆளுக்கு, மாதத்துக்கு, டாலரில். ராண்ட் சரிந்தால் பில் ஏறும். டெலிவரி ஓட்டுநருக்கெல்லாம் தனிக் கணக்கு வாங்காமல், அன்றைய பட்டியலைக் காலையில் அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால் போதும்.