பெரிய கம்பெனியை நம்பி 2,35,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். மனை வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று மதியம் மூன்றரை மணிக்கு வந்த போனுக்குப் பிறகு கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. "மேடம், உங்க பணம் எங்ககிட்ட இல்ல. நாங்க மார்க்கெட்டிங் மட்டும்தான் பண்றோம். புரொமோட்டர்கிட்ட கேட்டுக்கங்க." புரொமோட்டர் என்றால் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர். நாலு மாதமாக "ரீஃபண்ட் பிராசஸ்ல இருக்கு" என்று சொன்ன அதே ஆபீஸ்தான் இப்படிச் சொல்கிறது. 2,35,000 ரூபாய். இதில் 1,35,000 சீட்டு எடுத்த காசு. மீதி ஒரு லட்சம் என் வளையலையும் அம்மா போட்ட ஆரத்தையும் அடகு வைத்து வாங்கியது. அதற்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

கம்பெனி பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜிஎஸ்டி ரோடு முழுக்க போர்டு வைத்திருக்கும் பெரிய ரியல் எஸ்டேட் ஏஜென்சி. ஏசி ஆபீஸ், கால் சென்டர், ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், மதியச் சாப்பாடு. இவ்வளவு போதும்.

முதலில் நாங்கள் பார்த்தது கூடுவாஞ்சேரியில் ஒரு தரகரை. ஜெராக்ஸ் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நந்திவரம் பக்கம் ஒரு மனை காட்டினார். எங்களுக்குப் பிடித்திருந்தது. முன்பணம் தருகிறோம் என்றதற்கு, "இப்ப வேணாம்மா. ஓனர் இறந்துட்டாரு, வாரிசுச் சான்றிதழ் வரணும். பொண்ணுங்க ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். ஒரு மாசம் பொறுங்க" என்றார். கமிஷன் ரெண்டு பர்சென்ட். இவருக்கு ஆள் பலம் இல்லை, அதனால்தான் இழுக்கிறார் என்று நான் நினைத்தேன். கமிஷனும் உறுத்தியது. பெரிய கம்பெனியில் வாங்குபவருக்குக் கமிஷனே கிடையாது என்றார்கள். என் வீட்டுக்காரர் "அவசரப்படாத" என்றார். கேட்கவில்லை, தப்பு என்னுடையது.

வேனில் சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி அழைத்துப் போனார்கள். தார் ரோடு, காம்பவுண்டு சுவர், லைட் கம்பம், மனைக்கு மனை கல் நட்டிருந்தது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்துவிட்டது, இனி விலை ஏறத்தான் செய்யும் என்று வழியெல்லாம் பேச்சு. கிழக்குப் பார்த்த ஒரு மனையில் என்னை நிற்க வைத்து, "இங்கதான் மேடம் உங்க வாசல் வரும்" என்று அந்தப் பையன் கையை நீட்டிக் காட்டினான். என் மகள் ஓடிப்போய் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்தாள். அந்த நிமிஷத்தில் என் மனசு முடிவு பண்ணிவிட்டது.

நான் சும்மாவும் நம்பவில்லை. பிரோஷரில் இருந்த ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு நம்பரை வேனில் உட்கார்ந்தே போனில் ரெரா தளத்தில் போட்டுப் பார்த்தேன். இருந்தது! பெயர், ஊர், டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எல்லாம் சரியாக இருந்தது. இதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. அது பேஸ் 1-க்கு, அதாவது லேஅவுட்டின் முதல் பகுதிக்கு, வாங்கிய நம்பர். என்னை நிற்க வைத்த மனையும் பேஸ் 1. என்னிடம் கையெழுத்து வாங்கிய ஃபார்மில் பேஸ் 2 என்று இருந்தது. "இந்த ரேட் இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும்தான் மேடம்" என்று நாலு பேர் சுற்றி நிற்கும்போது சர்வே நம்பரை (நிலத்துக்கு அரசுப் பதிவேட்டில் உள்ள எண்) யார் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்? 1000 சதுர அடி, அடி 2,350. பத்து சதவீதம், 2,35,000. அன்றைக்கே கட்டினேன்.

வங்கியில் கடனுக்குப் போனபோதுதான் தெரிந்தது. "நீங்க கொடுத்த அனுமதியில இந்த சர்வே நம்பரே இல்லையேம்மா" என்றார் அதிகாரி. மறுநாளே போய்ப் பார்த்தோம். பேஸ் 2 என்பது சுவருக்கு அந்தப் பக்கம் வரப்பும் முள்ளுச்செடியும்தான்.

அதற்குப் பிறகு அலைந்த அலைச்சல். என்னை அழைத்துப் போன பையன் வேலையை விட்டுவிட்டானாம். அடுத்து ஒரு பெண் வந்தார், ஃபைலைப் படிக்கவே பதினைந்து நாள். மூன்றாவது ஆள் "டிக்கெட் போட்டிருக்கேன் மேடம், 45 வேலை நாள்" என்றார். அது முடிந்ததும் "கேன்சலேஷன் சார்ஜ் 25 பர்சென்ட் பிடிப்போம்" என்றார்கள். சரி, மீதியையாவது கொடுங்கள் என்றேன். "வேற லேஅவுட்டுக்கு மாத்திக்கங்க, கூட மூணு லட்சம் கட்டினா போதும்" என்றார்கள். நேரில் போனால் செக்யூரிட்டி நோட்டில் பெயர் எழுதவைத்து உட்கார வைப்பார். "சார் மீட்டிங்ல இருக்காரு." இரண்டு மணி நேரம். பிறகு "சார் கிளம்பிட்டாரு." கோபப்பட்டுக் கத்துவதற்குக்கூட அங்கே ஒரே ஆள் இரண்டு தடவை கிடைக்கவில்லை.

வேறு வழியில்லாமல் ஃபார்மை எடுத்துக்கொண்டு அந்தக் கூடுவாஞ்சேரி அண்ணனிடம் போனேன். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ரசீது யார் பேர்ல இருக்கு பாத்தீங்களாம்மா?" என்றார். ரசீது ஏஜென்சி பெயரில்! நில உரிமையாளர் பெயரிலும் இல்லை, புரொமோட்டர் பெயரிலும் இல்லை. என் 2,35,000 ரூபாயை வாங்கி, தங்கள் பெயரில் ரசீது போட்டுவிட்டு, இன்று பணம் எங்களிடம் இல்லை என்கிறார்கள். அந்த நந்திவரம் மனை போன மாதம் வேறொருவருக்குப் பதிவாகிவிட்டதாம். வாரிசுச் சான்றிதழ் வந்து, பெண்கள் இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டார்களாம்.

சின்னத் தரகர் எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. என் சித்தப்பாவை ஏமாற்றியது அப்படி ஒரு ஆள்தான். ஆனால் அவன் வீடு எங்கே என்று தெரியும். வாசலில் போய் உட்கார்ந்து பாதிப் பணத்தையாவது வாங்கினார். நான் யார் வாசலில் போய் உட்கார?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் ஆரம்பித்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். 2016 ரெரா சட்டப்படி ஒவ்வொரு பேஸும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும், பதிவாகாத மனையை விற்றுத் தர ஏஜென்டுக்கும் அனுமதி கிடையாது. ஆகவே நம்பர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அந்த நம்பருக்குள் உங்கள் சர்வே நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றை (அந்த இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் அதில் இருக்கும்) பதிவுத்துறை தளத்தில் நீங்களே பார்க்கலாம். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால்தான் என்னிடம் சரியாகப் பத்து வாங்கியிருக்கிறார்கள் என்று வக்கீல் சொல்கிறார். ரசீது யார் பெயரில் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறினால் செக் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

திங்கட்கிழமை ரெராவில் புகார் கொடுக்கிறேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இதே மாதிரி பேஸ் 2-க்குப் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், சேர்ந்தே போவோம்.