ஹொக்கைடோ பனிநடைக்கு முன்பணம் கட்டப் போகிறவர்களுக்கு

டிசம்பர் விடுமுறைக்கு ஜப்பானின் ஹொக்கைடோ தீவு என்று முடிவான வாரமே என் மாமனார் இங்கே சிங்கப்பூரில் புக்கிட் தீமா ஏறத் தொடங்கிவிட்டார். 163 மீட்டர் உயரமுள்ள அந்தக் குன்றுதான் நமக்கு வாய்த்த இமயம். அவர் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் ஒரு பயண முகவரின் மாடிக் கடையில் ஏமாந்துகொண்டிருந்தேன்.

விளம்பரத்தில் இருந்தது அசாஹிதாகே. 2,291 மீட்டர், ஹொக்கைடோவிலேயே உயரமான மலை. ரோப்வேயில் 1,600 மீட்டர் வரை போய், அங்கிருந்து பனிக்காலணி கட்டிக்கொண்டு, ஆவி பீறிடும் எரிமலை வாய்களைப் பார்க்க நடக்கலாம் என்றார்கள். “பூங்காவில் நடக்கிற மாதிரிதான் அக்கா, அனுபவமுள்ள வழிகாட்டி கூடவே வருவார்” என்றார் முகவர்.

நால்வருக்கும் சேர்த்து 9,600 வெள்ளி. நிறுவனம் என்றால் அதன் பதிவு எண்ணுக்குத்தான் பேநவ் வழியாக (கைப்பேசியில் உடனடிப் பணம் அனுப்பும் வசதி) பணம் போக வேண்டும். நான் அனுப்பியதோ ஒரு கைப்பேசி எண்ணுக்கு. திரையில் தனிமனிதர் ஒருவரின் பெயர் வந்தது. அதைப் பார்த்த பிறகும் அனுப்பினேன்.

அசாஹிகாவா விமான நிலையத்தில் எங்களுக்காகக் காத்திருந்த வழிகாட்டி, முகவரின் அக்காள் மகன். நல்ல பையன்தான், பெட்டிகளை எல்லாம் அவனே தூக்கினான். ஆனால் ஹொக்கைடோவுக்கு அவன் வருவது அது இரண்டாம் முறை. ஜப்பானில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றும் வண்டிகளுக்குப் பச்சை நிற எண்பலகை இருக்கும். எங்கள் வேனில் இருந்தது வெள்ளை. இதெல்லாம் ஊர் திரும்பிய பிறகு தெரிந்துகொண்டது.

மறுநாள் பலத்த காற்று, ரோப்வேயை நிறுத்திவிட்டார்கள். அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் “இன்று வேண்டாம், திரும்பிவிடலாம்” என்று சொல்லத் தெரிந்தவர்தானே வழிகாட்டி? இவன் மாமாவுக்குப் போன் போட்டான். மாமா தேக்காவில் உட்கார்ந்துகொண்டு, “கீழே காட்டுக்குள் ஒரு சுற்று கூட்டிப்போ” என்றார். அப்போது மணி பிற்பகல் இரண்டு. அந்தப் பருவத்தில் அங்கே நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும்.

பனிக்காலணி என்பது பூட்சுக்கு அடியில் வார் போட்டுக் கட்டும் அகன்ற தட்டு. உடல் எடையை அது பரப்பிவிடுவதால்தான் மெத்தென்ற பனியில் கால் புதைவதில்லை. வார் அறுந்தால் தட்டு இருந்தும் பயனில்லை. என் மகனுக்குக் கொடுத்த சோடியின் ரப்பர் வாரில், பழைய செருப்பில் இருக்குமே, அதுபோல முடியளவு வெடிப்புகள். வளைத்தால் வெடிப்புக்குள் வெளிறித் தெரிந்தது. “குளிரில் அப்படித்தான் இருக்கும் ஆன்ட்டி” என்றான் பையன்.

இருபது நிமிடம் நடந்திருப்போம். பட்டென்று ஒரு சத்தம். மகனின் இடதுகால் தொடை வரை உள்ளே போய்விட்டது. பதினொரு வயதுக்காரனுக்கு அது வேடிக்கை, விழுந்து விழுந்து சிரித்தான். நானும் படம் எடுத்தேன்.

பிறகு அவன் சாய்ந்து உட்கார ஒரு ஸ்புரூஸ் மரத்தை நோக்கித் தவழ்ந்தான். எதிரே வந்த ஜப்பானிய முதிய தம்பதி இரு கைகளையும் குறுக்கே பெருக்கல் குறிபோல் வைத்துக் கத்தினார்கள். மொழி புரியவில்லை, குரல் புரிந்தது. நான் பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஏன் கத்தினார்கள் என்று இரவு விடுதிக்காரர் விளக்கினார். தாழ்ந்த கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் அந்த மரங்களின் அடியைச் சுற்றிப் பொலபொலவென்ற குழி உண்டாகும், மேலே பார்த்தால் தெரியாது, தலைகுப்புற விழுந்தால் தானாக வெளியே வருவது அரிது. இதை நடக்கும் முன்பே சொல்ல வேண்டியவன் அப்போது என் பின்னால் நின்று போனில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தான்.

அந்தப் பெரியவர் தம் பையிலிருந்த மாற்று வாரால் காலணியைக் கட்டிவிட்டு, சாலை வரை முன்னால் நடந்து வழிகாட்டினார். காசு வாங்காத வழிகாட்டி. சாலையைத் தொட்டபோது இருட்டிவிட்டது. என் மாமனாரின் பருத்திப் பனியன் வியர்வையில் நனைந்து முதுகில் சில்லிட்டுப்போயிருந்தது. வேனுக்குள் அவர் நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. பருத்தி கூடாது என்பதையும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் படங்களையும் அறுந்த வாரையும் முகவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாதிப் பணமாவது கேட்டேன். “மலை என்றால் அப்படித்தான் அக்கா” என்று பதில் வந்தது. அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார். சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்ற பயண முகவர்களின் பட்டியல் இருக்கிறது. தேட இரண்டு நிமிடம் ஆகும். அவர் கடையின் பெயர் அதில் இல்லை. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுகளுக்குள் கோரலாம் என்பதால் அங்கே மனு கொடுத்திருக்கிறேன். என் பணம் வருகிறபோது வரட்டும்.

இதை இன்றே எழுதக் காரணம் வேறு. வரும் டிசம்பருக்கான அவருடைய புது விளம்பரம், புதுக் கடைப் பெயரோடு, நேற்று என் தோழி வழியாக வந்தது. பனிக்குள் புதைந்து ஒரு சிறுவன் சிரிக்கிற படம். அவன் என் மகன். உற்றுப் பாருங்கள், இடதுகாலின் தட்டு ஓரமாகத் தனியே கிடக்கும்.