ஜஸ்ட் மிஸ்ஸு: ஐந்து வில்லன்கள், ஒரு சீட்டு மேசை

சீட்டாடிக்கொண்டே ஐந்து வில்லன்கள் ஒரே ஆளைப் பற்றி, பேட்மேனைப் பற்றிப் பேசுகிறார்கள். 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' கார்ட்டூன் தொடரில் 1992 நவம்பரில் வந்த 'ஆல்மோஸ்ட் காட் இம்' எபிசோடின் மொத்தக் கதையும் இதுதான். ஜோக்கர், டூ-ஃபேஸ், பாய்சன் ஐவி, பென்குயின், கில்லர் கிராக். "அன்னிக்கே அவனப் போட்டிருப்பேன், ஜஸ்ட் மிஸ்ஸு" என்று ஆளுக்கொரு கதை விடுகிறார்கள். காசிமேட்டு டீக்கடையில், வலையைக் கிழித்துக்கொண்டு போன வஞ்சிரம் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அரை முழம் நீளுமே, அதே பேச்சுதான். முப்பது வருஷம் தாண்டிய எபிசோட் என்பதால் முடிச்சை அவிழ்த்தே எழுதுகிறோம்.

பால் டினியின் எழுத்தில் பலே என்று சொல்ல வைப்பது ஒன்று: தோற்றுப்போன கதையைச் சொல்லும்போதும் ஒவ்வொருவனுடைய புத்தியும் வெளியே வந்துவிடுகிறது. டூ-ஃபேஸ் பேட்மேனை ராட்சத நாணயத்தில் கட்டிச் சுண்டிவிடுகிறான். ஒரு பக்கமாக விழுந்தால் எலும்பு நொறுங்கும், மறுபக்கமாக விழுந்தால் ஆளே சப்பை. பேட்மேன் தப்பிப்பதோ டூ-ஃபேஸின் சொந்தக் காசைத் திருடி, அதை வைத்தே கயிற்றை அறுத்து! பேட்மேனின் ரகசியக் குகையான பேட்கேவில் நிற்கும் அந்தப் பெரிய நாணயம் காமிக்ஸில் 1947-லேயே, வேறொரு வில்லன் கதையில் வந்தது. இங்கே அதை டூ-ஃபேஸ் கணக்கில் எழுதிவிட்டார்கள், பொருத்தமாகவும் இருக்கிறது.

கிராக்கின் முறை வருகிறது. குவாரியில் ஒளிந்திருந்தானாம், பேட்மேன் கிட்டே வந்தானாம், கல்லைத் தூக்கி எறிந்தானாம். அவ்வளவுதான். மேசையே கப்சிப். பிறகு அசடு வழிய, அது பெரிய கல் என்று சேர்த்துக்கொள்கிறான். முதல் தடவை சிரித்துவிட்டுக் கடந்துவிடுவோம். இரண்டாவது தடவைதான் உறைக்கும்: இவனுக்கு மட்டும் சொல்ல உருப்படியான கதையே இல்லை, ஏனென்றால் இவன் கிராக்கே இல்லை, கிராக் வேஷத்தில் வந்த பேட்மேன். துப்பை ஜோக்குக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

ஜோக்கர் பகுதியும் கனம். டிவி ஷோவைக் கைப்பற்றி, பார்வையாளர்கள் சிரிக்கச் சிரிக்க மின்சாரம் ஏறும் நாற்காலியில் பேட்மேனை உட்கார வைக்கிறான். காப்பாற்ற வந்த கேட்வுமன் மாட்டிக்கொள்கிறாள். அதைப் பீற்றிக்கொள்ளும் வாயால்தான், அவளை எங்கே வைத்திருக்கிறான் என்பதையும் உளறுகிறான். வேஷம் போட்டு வந்த பேட்மேனுக்கு வேண்டியதும் அதுதான். ஜோக்கருக்குப் பேசிய மார்க் ஹாமிலின் குரலுக்காகவே இந்த இடத்தை ரீவைண்ட் செய்யலாம்.

சொதப்பல் பென்குயின் பகுதி. விஷ மூக்குத் தேன்சிட்டுகள், அப்புறம் காசோவரி என்ற ஒரு பெரிய பறவை, முடிந்தது. பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஐவியின் வெடிக்கும் பூசணிக்காய்கள் அதற்குத் தேவலை.

பார்க்கும்போது இரண்டு விஷயம். படம் பழைய டிவிகளின் 4:3 அளவு. டிவி ஃபுல் ஸ்கிரீனில் இருந்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள், ஜூமில் போட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும். பிக்சர் செட்டிங்கில் 4:3-க்கு மாற்றிவிடுங்கள், பக்கவாட்டில் கருப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்தது வெளிச்சம். இந்தத் தொடரின் பின்னணிகளைக் கருப்புத் தாளில்தான் வரைந்தார்கள். அதனால் படம் முழுக்க இருட்டு. வண்ணாரப்பேட்டை சந்து வீடுகளில் டிவிக்கு எதிரிலேயே டியூப்லைட் இருக்கும். அதை அணைக்காவிட்டால் சீட்டாடும் அறையில் பாதி தெரியாது. வரைகிற பிள்ளைகள் இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கருப்பு சார்ட் வாங்கிக் கொடுத்து, வெளிச்சம் விழும் இடத்துக்கு மட்டும் போஸ்டர் கலர் வைக்கச் சொல்லுங்கள். நிழலைத் தனியாக வரைய வேண்டிய வேலையே இல்லை, தாளே நிழல்.

முதலில் 'ப்ரெட்டி பாய்சன்' எபிசோடைப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள். ஐவியும் டூ-ஃபேஸும் ஏன் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொள்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.