சென்னையில் ஒரு நாள்: சோழமண்டலமா, ரோஜா முத்தையா நூலகமா?

ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று அமைத்தது சோழமண்டலம் ஓவியர் கிராமம். எந்த முன்தயாரிப்பும் வேண்டாம். இரண்டு மணி நேரம் போதும். முதலில் சென்னை ஓவிய இயக்கத்தின் அருங்காட்சியகம், பிறகு வெளியே உள்ள சிற்பங்கள். இங்குள்ள ஓவியர்கள் தொடக்கத்தில், மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி விற்றுத்தான் வயிறு வளர்த்தார்கள். உறைந்த மெழுகு விரிசல் விட்ட இடத்தில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓடுவதுதான் அந்தத் துணியின் அழகு.

தரமணியில் உள்ள நூலகத்தின் கதை வேறு. கோட்டையூரில் பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா சேர்த்த சேகரம் அது. 1994-இல் நூலகமானது. நாடக நோட்டீஸ், பழைய இதழ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் என்று யாரும் காப்பாற்ற நினைக்காதவை எல்லாம் இங்கே இருக்கின்றன. பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் நல்ல கட்டத்தில் நின்று, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். அந்த மலிவுத் தாளை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்!

ஆனால் சும்மா போனால் ஏமாற்றம்தான். அலமாரியைத் துழாவ முடியாது, கேட்பதைத்தான் எடுத்துத் தருவார்கள். படப் பெயர், ஆண்டு என ஐந்தாறு தலைப்புகளை நூலகத்தின் அட்டவணையில் தேடிக் குறித்துக்கொண்டு, வேலை நாளில் காலையிலேயே போங்கள். தாள் மடிப்பில் முறியும். ஓரத்தைப் பிடித்து மெல்லப் புரட்டுங்கள்.

குழந்தைகளோடு என்றால் சோழமண்டலம். தனியாக என்றால் தயங்காமல் தரமணி.