முதுநிலை மருத்துவக் கலந்தாய்வு இணையச் சேவை: ஒரு மதிப்பீடு

நீட் முதுநிலைத் தேர்வுக்குப் பின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்தும் இந்தச் சேவையின் வழியாகத்தான் மாநில அரசுக் கல்லூரிகளின் 50 விழுக்காட்டு இடங்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் இடங்களும் நிரப்பப்படுகின்றன. இதில் நான் மனமாரப் பாராட்டுவது இடங்களைப் பகிர்ந்தளிக்கும் முறையை. தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு, அவருடைய விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, அவருக்குத் தகுதியுள்ள, இன்னும் காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கணினி வழங்குகிறது. ஆகவே, கிடைக்காது என்று அஞ்சி விரும்பிய துறையைக் கீழே தள்ளுவதால் எந்த நன்மையும் இல்லை. எட்டாத இடத்தை முதலில் குறிப்பிடுவதால் அடுத்த இடம் பறிபோவதும் இல்லை. விண்ணப்பிக்கும் ஒவ்வொரு இளம் மருத்துவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

மதிப்பெண்ணின் மீது எனக்கு அதே நம்பிக்கை இல்லை. 200 வினாக்களும் 800 மதிப்பெண்களும் கொண்ட ஒரு நாள் தேர்வு, நோயாளியிடம் பேசும் திறனையோ அறுவை அரங்கில் தேவைப்படும் நிதானத்தையோ அளப்பதில்லை. 2024-இல் வெவ்வேறு வினாத்தாள்களுடன் இரு அமர்வுகளாகத் தேர்வை நடத்தி, அவற்றின் மதிப்பெண்களைச் சமன்படுத்தியது குறித்து எழுந்த ஐயங்கள் நியாயமானவை. 2025-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி ஒரே அமர்வாக நடத்தியது நல்ல திருத்தம்.

கலந்தாய்வு பல சுற்றுகளாக நடக்கிறது; முதல் சுற்றில் கிடைத்த இடத்தை இழப்பின்றி விட்டுவிடலாம். பிந்தைய சுற்றுகளில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் பதிவின்போது கட்டிய காப்புத்தொகை பறிபோகும் என்பதால், சேர மனமில்லாத கல்லூரியை அப்போது பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.