ஒன்பது ஆண்டுப் பழைய அடுப்பும் அது எழுப்பிய ஒலிகளும்

நான்கு பர்னர்களும் கீழே கேஸ் ஓவனும் கொண்ட குக்கிங் ரேஞ்ச் ஒன்றை 2016-இல் வாங்கினோம். ஐந்து பேர் உள்ள வீட்டில் மூன்று வேளைச் சமையலும் அதில்தான் நடக்கிறது. எரிவதில் அன்றும் குறையில்லை, இன்றும் குறையில்லை. நான்காம் ஆண்டிலிருந்து அது எழுப்பத் தொடங்கிய விதவிதமான ஒலிகள்தாம் என்னை மெக்கானிக் வேலை பழக வைத்தன. அடுப்பு இரைந்தால் விருந்தாளி வருவார் என்பார் என் அம்மா. விறகடுப்புக் காலத்து நம்பிக்கை அது. எங்கள் வீட்டுக்கு மெக்கானிக்தான் வந்தார்.

முதலில் வந்தது, பெரிய பர்னரை அணைக்கும்போது கேட்ட "டப்" என்ற வெடியொலி. இது எல்லா அடுப்பிலும் உள்ளதுதான் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போய்விட்டார். அவர் சொன்னது பாதி உண்மை. பர்னர் துளைகளின் வழியே காற்றும் கேஸும் கலந்து வெளியேறும் வேகம், தீ பரவும் வேகத்தைவிடக் குறைந்தால், சுடர் துளைக்குள் இறங்கி, குழாயில் மிச்சமிருக்கும் கலவையைப் பற்றவைத்துவிடும். திருகை மூடும் கணத்தில் இது எப்போதாவது நடப்பது இயல்பு. ஒவ்வொரு முறையும் நடந்தாலோ, எரிந்துகொண்டிருக்கும்போதே நடந்தாலோ இயல்பு இல்லை. எங்கள் அடுப்பில் இரண்டு கோளாறுகள் இருந்தன: கழுவி வைத்த பித்தளை மூடி அதன் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை, பர்னருக்குள் கேஸைப் பீச்சும் ஜெட் என்ற சிறு பித்தளைத் துண்டின் துளையில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்து கேஸின் வரத்தைக் குறைத்திருந்தன.

இங்கே நான் செய்த தவற்றைச் சொல்லியாக வேண்டும். அடைப்பை எடுக்க ஊக்கை ஜெட்டுக்குள் விட்டுக் குடைந்தேன். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டது. வெடியொலி நின்றது உண்மைதான், ஆனால் கேஸ் கூடுதலாக வந்து, அதற்கேற்ற காற்று சேராமல் சுடர் மஞ்சளாகி, இரண்டு மாதங்கள் குழம்புச் சட்டி முதல் பால் பாத்திரம் வரை எல்லாவற்றின் அடியிலும் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். புதிய ஜெட் மாட்டிய அன்றே சுடர் நீலமானது. அதன் விலையை நினைத்தால், ஊக்கைத் தேடிய நேரத்தில் கடைக்கே போய் வந்திருக்கலாம்.

ஓவனை அணைத்து அரை நிமிடம் கழித்து, யாரும் தொடாதபோதே உள்ளிருந்து கேட்கும் "டக்" என்ற ஒலிக்கு நெடுநாள் பயந்தேன். சுடரின் பக்கத்தில் ஒரு சிறு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அது சூடாக இருக்கும் வரை மிகச் சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்கி, கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். ஆறியதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். அந்த மூடும் ஒலிதான் "டக்". சுடர் தானாக அணைந்துபோனால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு அது என்பதால், கேட்காமல் போனால்தான் கவலைப்பட வேண்டும். ஓவன் சூடாகும்போது தகரம் விரிந்து எழுப்பும் "டங்" ஒலியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒருநாள் ரசம் பொங்கித் திருகின் அடியில் இறங்கியது. அன்றிரவு அடுப்பு தானாகவே "டிக், டிக்" என்று பொறி விட்டுக்கொண்டிருந்தது. திருகைத் திருப்பும்போது பொறியைத் தூண்டும் சிறு ஸ்விட்ச் அதன் அடியில் இருக்கிறது. ஈரம் புகுந்தால் அது அழுத்தப்பட்ட நிலையிலேயே நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றி, இரவு முழுதும் மின்விசிறிக் காற்றில் காயவிட்டதும் சரியானது. ஆனால் பிறகு இரண்டு முறை இதே தொல்லை வந்தது. தானியங்கிப் பற்றவைப்பு இந்த அடுப்பின் பலவீனமான பகுதி என்பது என் முடிவு. இப்போது பெரும்பாலும் லைட்டரைத்தான் பயன்படுத்துகிறோம்.

ஏழாம் ஆண்டில், மூன்று பர்னர்களை ஒன்றாக எரித்தால் மெல்லிய ரீங்காரம் கேட்டது. ஒரு பர்னரைத் தணித்தால் அதன் சுருதி மாறியது. காதை வைத்துக் கேட்டபோது அது அடுப்பிலிருந்து வரவில்லை, 14.2 கிலோ சிலிண்டரின் தலையில் இருந்த ரெகுலேட்டரிலிருந்து வந்தது. உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு அதிர்வதால் இப்படிக் கேட்கும். ரெகுலேட்டரை வீட்டில் பிரிக்கக் கூடாது என்பதால், கேஸ் ஏஜென்சியில் சொல்லி மாற்றிக்கொண்டோம்.

மாற்ற வந்தவர் சோப்பு நுரையைக் குழாய் முழுதும் தடவியபோதுதான் உண்மையான ஆபத்து தெரிந்தது. அடுப்போடு சேரும் முனையில், கிளிப்பின் ஓரமாக, கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அத்தனை ஒலிகளுக்கும் பயந்த எனக்கு அந்தக் கசிவின் சீறல் ஒருநாளும் கேட்கவில்லை. ஆரஞ்சு நிறக் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எங்களுடையது ஏழாண்டு கண்டது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாடை வந்தால் மின் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு, சன்னல்களைத் திறந்து வெளியே வந்து 1906-ஐ அழைக்கச் சொன்னார். அந்த எண் இப்போது சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறது.

பெரிய பர்னர் மட்டும் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை இன்னும் "டப்" என்கிறது. ஆறிய பிறகு மூடியைத் தூக்கி, பள்ளம் பார்த்து உட்கார வைத்தால் அடங்கிவிடுகிறது.